அது யாருடைய குரல்?

கேள்வி: துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். யார் தப்புச் செய்தாலும் எங்கள் மேலாளர் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே, "ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாதா?" என்பார். கேட்டாலே எனக்கு உடம்பு கூசும். போன வாரம் மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அதே வார்த்தை என் வாயில் வந்துவிட்டது. பார்த்தால், கையில் இருந்த பென்சில் மேஜையைத் தட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளை மிரண்டுபோனான். பிடிக்காதவருடைய குணம் எனக்கு எப்படி வந்தது டாக்டர்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி

பதில்: பென்சிலைக் கவனித்திருக்கிறீர்கள். பலர் கவனிப்பதேயில்லை. 1999-ல் டான்யா சார்ட்ரண்ட், ஜான் பார்ஜ் என்ற உளவியலாளர்கள், முன்பின் தெரியாத இருவரை உட்காரவைத்துப் புகைப்படங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒருவர் அவர்கள் ஏற்பாடு செய்த ஆள். அவர் காலை ஆட்டினால் மற்றவர் காலும் ஆடியது. அவர் முகத்தைத் தடவினால் இவர் கையும் முகத்துக்குப் போனது. பிறகு விசாரித்தால், இவருக்கு எதுவுமே தெரியவில்லை. சில நிமிடப் பழக்கத்துக்கே இப்படி. உங்களுடையது ஆறு வருடம்.

பிடித்தவரிடமிருந்து ஒட்டினால் சரி, பிடிக்காதவரிடமிருந்து ஏன்? பயமுறுத்துகிறவரைப் போலவே நடந்து குழந்தை தன் பயத்தைச் சமாளிப்பதை அன்னா பிராய்டு 1936-லேயே எழுதினார். அந்த மேஜைக்கு முன்னால் நின்றவர்களுக்குத்தான் பயம். தட்டுகிற கைக்குப் பயமில்லை. உங்கள் மனம் அந்தக் கையை எடுத்துக்கொண்டது.

வந்தவர்களிடமிருந்து இப்படி எடுத்துக்கொள்வது உங்கள் ஊருக்குப் புதிதல்ல. 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்ச்சுகீசியரிடமிருந்து டச்சுக்காரர் 1658-ல் தூத்துக்குடியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் சாவி, ஜன்னல் என்று போர்ச்சுகீசியச் சொற்களைச் சொல்லும்போது போர்ச்சுகீசியர் நினைவு யாருக்கு வருகிறது? நீங்கள் தட்டிய மேஜைகூட அவர்கள் சொல்தான். சொல் தங்கிவிட்டது, இருக்கட்டும். குணத்தை அப்படித் தங்கவிட வேண்டியதில்லை.

மகனிடம் இன்றே சொல்லுங்கள்: "அது அம்மா ஆபீஸ்ல கேட்ட பேச்சு. உன்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாது." இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அவனும் உங்களைப் பார்த்து எடுத்துக்கொண்டுதான் இருக்கிறான். வேலை விட்டு வந்த கையோடு கணக்கு நோட்டைத் திறக்காதீர்கள். முகம் கழுவி, காபி குடித்து, அவனோடு வேறு ஏதாவது பேசிவிட்டு உட்காருங்கள். கை தட்டத் தொடங்கினால் பென்சிலைக் கீழே வைத்துவிடுங்கள். வாய்க்கு முன்னால் கைதான் ஆரம்பிக்கும்.

காலையில் வேலைக்குக் கிளம்பவே நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வருவதில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.