சார்ஜரில் என்ன எழுதியிருக்கிறது?

மும்பை நகரத்தில் தாராவி இருக்கிறது. சின்னச் சின்ன வீடுகள். குறுகலான சந்துகள். வீட்டுக்கு வீடு ஏதாவது ஒரு தொழில். இங்கே தமிழர்கள் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அதிகம்.

முத்துலட்சுமி தாராவியில் தையல் வேலை செய்கிறார். அவருடைய கணவர் இட்லி வியாபாரம் செய்கிறார். மகள் செல்வி பி.காம். முடித்தவள்.

செல்விக்கு ஒரு நல்ல வேலை கிடைத்தது. மூன்று கடைகளின் கணக்கை வீட்டிலிருந்தே எழுதித் தர வேண்டும். வரும் 1ஆம் தேதி தொடங்க வேண்டும். ஆனால் அதற்கு லேப்டாப் வேண்டும். பெரிய திரையும் வேண்டும். ஒரு திரையில் பில்லைப் பார்க்கலாம். இன்னொன்றில் கணக்கு எழுதலாம். அந்தப் பெரிய திரைக்கு மானிட்டர் என்று பெயர்.

முத்துலட்சுமி கட்டிய சீட்டு முடிந்திருந்தது. கையில் 55 ஆயிரம் ரூபாய். இரண்டு வருடச் சேமிப்பு. தவறாக வாங்கிவிட்டால் மறுபடி வாங்கப் பணம் கிடையாது.

"ஏட்டி, நானும் கடைக்கு வாரேன்" என்றார் முத்துலட்சுமி.

"உனக்கு அதுல என்னம்மா தெரியும்?" என்று சிரித்தாள் செல்வி.

"லேப்டாப் தெரியாது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். கணக்குத் தெரியும்" என்றார் அம்மா.

உண்மைதான். முத்துலட்சுமி இரவு வகுப்பில் தமிழ் படித்தவர். பிறகு இங்கிலீஷ் எழுத்துகளும் எண்களும் கற்றுக்கொண்டார். பெருக்கல் கணக்கு நன்றாக வரும்.

கிளம்பும் முன்பு அவர் ஒரு வேலை செய்தார். தையல் டேப்பை எடுத்தார். சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு பலகை இருந்தது. மானிட்டரை அங்கேதான் வைக்க வேண்டும். பலகையின் நீளத்தை அளந்தார். 52 சென்டிமீட்டர். அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை இருவரும் மாகிம் ஸ்டேஷனில் ரயில் ஏறினார்கள். கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினார்கள். பக்கத்தில்தான் லாமிங்டன் ரோடு. மும்பையில் கம்ப்யூட்டர் சாமான்களுக்குப் பெயர் போன தெரு அது. தெரு நெடுகக் கடைகள். கூப்பிடாத கடைக்காரர் இல்லை.

வழியில் செல்வி அம்மாவுக்கு இரண்டு விஷயம் சொன்னாள். லேப்டாப்பில் ரேம் என்று ஒன்று உண்டு. அது துணி வெட்டும் மேசை மாதிரி. மேசை பெரிதாக இருந்தால் நிறைய துணியை விரித்து வேலை செய்யலாம். சின்ன மேசை என்றால் ஒன்றை மடித்து வைத்துத்தான் இன்னொன்றை விரிக்க வேண்டும். கணக்கு வேலைக்கு 8 ஜி.பி. ரேம் வேண்டும். 16 இருந்தால் இன்னும் நல்லது. எஸ்.எஸ்.டி. என்று இன்னொன்று உண்டு. அது துணி வைக்கும் பீரோ மாதிரி. சேமித்து வைத்தது எல்லாம் அங்கே இருக்கும். 512 ஜி.பி. இருந்தால் பல வருடம் தாங்கும்.

முதல் கடையில் ஒரு லேப்டாப் 22 ஆயிரம் ரூபாய் என்றார்கள். பளபளப்பாக இருந்தது. ஆனால் அது பழையதைத் துடைத்து வைத்தது. அதில் விண்டோஸ் 10 இருந்தது. அந்த விண்டோஸ் 10க்கு அதன் கம்பெனி கொடுத்து வந்த வழக்கமான பாதுகாப்பு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்த லேப்டாப் விண்டோஸ் 11க்கு மாறாது. பழையது என்றாலே கெட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் மற்றவர்களுடைய பணக் கணக்கை அதில் எழுதுவது சரியில்லை. இருவரும் வெளியே வந்தார்கள்.

இரண்டாவது கடையில் புது லேப்டாப் காட்டினார்கள். விலையும் சரியாக இருந்தது. செல்வி அதன் ஓரங்களைப் பார்த்தாள். அங்கே சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். ஒன்று சார்ஜருக்கு. ஒன்று மானிட்டருக்கு. ஒன்று பென் டிரைவுக்கு. இந்த லேப்டாப்பில் மானிட்டருக்கான எச்.டி.எம்.ஐ. ஓட்டை இல்லை.

"பரவாயில்லை. சி ஓட்டை இருக்கிறது. அதில் எல்லாம் ஓடும்" என்றார் கடைக்காரர்.

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சி என்பது ஓட்டையின் வடிவம்தான். இப்போது வரும் போன்களில் இருக்கும் அதே நீள்வட்ட ஓட்டை. எப்படித் திருப்பிச் செருகினாலும் நுழையும். ஆனால் வடிவம் ஒன்றாக இருந்தாலும் வேலை ஒன்றாக இருக்காது. ஒரு சி ஓட்டையில் சார்ஜ் ஏறும், படமும் போகும். இன்னொன்றில் பென் டிரைவ் மட்டும்தான் வேலை செய்யும். ஓட்டைக்குப் பக்கத்தில் சின்னப் படம் போட்டிருக்கும். பிளக் படம் இருந்தால் சார்ஜ் ஏறும். திரைப் படம் இருந்தால் மானிட்டருக்குப் படம் போகும். எல்லாக் கம்பெனியும் இந்தப் படங்களைப் போடுவதில்லை. அது பெரிய தொல்லை.

"அண்ணா, ஒரு மானிட்டரைச் செருகிக் காட்டுங்க" என்று செல்வி கேட்டாள்.

கடைக்காரர் செருகினார். மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. கம்பியை மாற்றினார். அப்போதும் கறுப்புதான். நாமும் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மூன்றாவது கடையில் எல்லாம் சரியாக அமைந்தது. 8 ஜி.பி. ரேம். பிறகு கூட்டிக்கொள்ள உள்ளே இடமும் உண்டு. 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. எச்.டி.எம்.ஐ. ஓட்டை இருந்தது. சார்ஜ் ஏற்றச் சி ஓட்டை இருந்தது. விலை 43,500 ரூபாய்.

கடைப் பையன் மெல்லச் சொன்னான். "மாவ்ஷி, இதே லேப்டாப் இன்னொன்று இருக்கு. கண்ணாடிப் பெட்டியில் காட்டுறதுக்கு வைத்தது. ஒரு கீறல் இல்லை. 3,000 ரூபாய் குறைச்சுத் தர்றேன்."

3,000 ரூபாய் சின்னத் தொகை அல்ல. முத்துலட்சுமி பல நாள் தைத்தால்தான் அவ்வளவு வரும். செல்விக்கும் ஆசை வந்தது. போட்டுப் பார்த்தாள். நன்றாக ஓடியது.

முத்துலட்சுமி சார்ஜரைக் கையில் எடுத்தார். லேப்டாப்பில் ஒரு கம்பெனிப் பெயர். சார்ஜரில் வேறு பெயர்.

"தம்பி, இது இதோட சார்ஜர் இல்லையே?"

"அது தொலைஞ்சு போச்சு மாவ்ஷி. இதுவும் சி சார்ஜர்தான். பாருங்க, ஏறுது."

ஆமாம், ஏறியது. ஆனால் முத்துலட்சுமி விடவில்லை. சார்ஜரைத் திருப்பினார். அதன் முதுகில் பொடி எழுத்துகள் இருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். எழுத்துக் கூட்டி வாசித்தார். அவுட்புட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சில எண்கள். கடைசியில் 20 வி, 2.25 ஏ. பிறகு லேப்டாப்பைக் கவிழ்த்தார். அதன் அடியிலும் பொடி எழுத்து. 20 வி, 3.25 ஏ.

வி என்றால் வோல்ட். ஏ என்றால் ஆம்பியர். குழாய்த் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எவ்வளவு அழுத்தத்தில் தள்ளப்படுகிறது என்பது வோல்ட். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட். சார்ஜரின் பலம் எவ்வளவு என்று வாட் சொல்லும்.

"20ஐ 3.25ஆல் பெருக்கணும். போன்ல போடவா?" என்றாள் செல்வி.

"இதுக்குப் போனா? 3.25ன்னா மூன்றேகால். மூன்றேகால் மீட்டர் துணி. மீட்டர் 20 ரூபாய். மூணு மீட்டருக்கு 60. கால் மீட்டருக்கு 5. ஆக 65. சார்ஜர் இரண்டேகால். 40ம் 5ம் 45. லேப்டாப் 65 கேக்குது. இது 45தான் குடுக்கும்" என்றார் அம்மா.

கடைப் பையன் ஒன்றும் பேசவில்லை.

பலம் குறைந்த சார்ஜரைப் போட்டால் என்ன ஆகும்? லேப்டாப் உடனே கெட்டுவிடாது. சார்ஜ் மெதுவாக ஏறும். நிறைய வேலை கொடுத்தால் லேப்டாப் மந்தமாகும். சில சமயம் சார்ஜர் செருகியிருக்கும்போதே பேட்டரி குறையும். போன் சார்ஜர் இன்னும் பலம் குறைந்தது. அதைச் செருகினால் பல லேப்டாப்புகளில் சார்ஜ் ஏறவே ஏறாது.

பலம் கூடுதலாக இருந்தால் பயம் இல்லை. நல்ல சி சார்ஜர் தனக்கு எதிரே இருக்கும் பொருளோடு பேசிக்கொள்ளும். கேட்ட அளவுதான் கொடுக்கும். அதனால் அந்த 65 வாட் சார்ஜரில் சி ஓட்டை உள்ள போனையும் போடலாம். ஆனால் உருண்டை முனைச் சார்ஜர்கள் அப்படி அல்ல. அவற்றில் முனை பொருந்தினால் மட்டும் போதாது. வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம். வோல்ட் மாறினால் லேப்டாப் கெட்டுப்போகலாம்.

கம்பியையும் கவனிக்க வேண்டும். சாதாரண சி கம்பி 3 ஆம்பியர் வரைதான் தாங்கும். அதாவது 60 வாட். 65 வாட் வேண்டும் என்றால் 5 ஆம்பியர் கம்பி தேவை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். சார்ஜரோடு வந்த கம்பியையே வைத்துக்கொள்வது நல்லது.

முத்துலட்சுமி இன்னொன்றும் தேடினார். அந்தச் சார்ஜரில் ஆர் எண் இல்லை. மின்னணுச் சாமான்களைத் தரம் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2012இல் ஆணை போட்டது. லேப்டாப், மானிட்டர், சார்ஜர் மூன்றும் அதில் அடங்கும். பதிவு செய்த பொருளில் ஆர் என்ற இங்கிலீஷ் எழுத்தும் ஒரு கோடும் 8 எண்களும் இருக்கும். இந்தியத் தர அமைவனம் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியை வைத்திருக்கிறது. போனில் அந்தச் செயலியைத் திறந்து ஆர் எண்ணைப் போட்டால் போதும். யார் செய்த பொருள் என்று காட்டும்.

"பெட்டி பிரிக்காததையே குடு தம்பி" என்றார் முத்துலட்சுமி. 3,000 ரூபாய் போகிறதே என்று அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் சொல்லிவிட்டார்.

பெட்டி வந்தது. அவர்கள் முன்னால் பிரித்தார்கள். சார்ஜரில் 20 வி, 3.25 ஏ. ஆர் எண்ணும் இருந்தது. செல்வி போனில் போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது.

அடுத்து மானிட்டர். 24 அங்குலம் வேண்டும் என்று செல்வி நினைத்திருந்தாள். கடைப் பையனும் அதையே எடுத்தான். முத்துலட்சுமி நோட்டைப் பார்த்தார். 52 சென்டிமீட்டர் என்று இருந்தது. திரையின் அங்குலக் கணக்கு அகலம் அல்ல. அது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்தது. 24 அங்குலத் திரையின் அகலம் சுமார் 53 சென்டிமீட்டர். சட்டம் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். பலகையில் உட்காராது. 22 அங்குலத் திரை 49 சென்டிமீட்டருக்குள் இருக்கும். அதையே எடுத்தார்கள். விலை 7,800 ரூபாய். எச்.டி.எம்.ஐ. கம்பி பெட்டியிலேயே இருந்தது. புது லேப்டாப்பில் செருகினார்கள். படம் வந்தது.

"பில் வேண்டாம் என்றால் 2,000 குறைக்கலாம்" என்றார் முதலாளி. முத்துலட்சுமி தலையை ஆட்டி மறுத்தார். லேப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதம். பெட்டியில் அச்சிட்ட விலையில் எல்லா வரியும் அடங்கிவிடும். அதற்கு மேல் வரி என்று யாரும் கேட்கக் கூடாது. பில் இல்லை என்றால் வாரண்டி கேட்டு அலைய வேண்டிவரும். நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற எண் இருக்கிறது. கூப்பிடக் காசு இல்லை. ஆனால் அங்கே புகார் சொல்லவும் பில்தான் ஆதாரம். பில்லில் லேப்டாப், மானிட்டர் இரண்டின் வரிசை எண்களையும் எழுதச் சொன்னார். பெட்டியில் இருந்த எண்ணோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். கடையில் கூட்டம் காத்திருந்தது. அவர் அவசரப்படவில்லை.

மொத்தம் 51,300 ரூபாய். மீதி 3,700.

வீட்டில் இன்னொரு வேலை இருந்தது. சார்ஜரின் பிளக்கில் மூன்று கால்கள். பெரிய கால் எர்த்துக்கு. அவர்கள் வீட்டுச் சுவிட்சுப் பெட்டியில் இரண்டு ஓட்டைதான். இரண்டு கால் அடாப்டர் வாங்கிச் செருகலாம் என்றார் அப்பா. அப்படிச் செய்தால் எர்த் கிடைக்காது. உலோக லேப்டாப்பைத் தொட்டால் கையில் சுருசுருவென்று இருக்கும். கோளாறு வந்தால் ஆபத்து. மீதிப் பணத்தில் எலக்ட்ரீஷியனை வரவழைத்தார்கள். அவர் எர்த் கம்பி இழுத்து மூன்று ஓட்டைப் பெட்டி வைத்தார்.

"கரண்டு பில் எகிறுமோ?" என்று அப்பா கேட்டார்.

லேப்டாப் 65 வாட். மானிட்டர் 20 வாட். கூட்டினால் 85. ஒரு யூனிட் என்பது 1,000 வாட் ஒரு மணி நேரம். இரண்டும் முழு வேகத்தில் ஓடினாலும் ஒரு யூனிட்டில் 11 மணி நேரத்துக்கு மேல் ஓடும். நீங்களே வகுத்துப் பாருங்கள்.

1ஆம் தேதி காலையில் செல்வி வேலையைத் தொடங்கினாள். இடது பக்கம் பில். வலது பக்கம் கணக்கு. மானிட்டர் பலகையில் அளந்து வைத்தது போல உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் அடுத்த வீட்டுப் பையன் வந்தான். கையில் ஒரு பழைய சார்ஜர்.

"பெரியம்மா, இது எத்தனை வாட்டு? செல்வி அக்கா உங்ககிட்ட கேக்கச் சொன்னா."

முத்துலட்சுமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். திருப்பிப் பார்த்தார். 19.5 வி, 2.31 ஏ.

"பத்தொன்பதரை... இதுக்குத் தாளும் பென்சிலும் வேணும்லே. எடுத்துட்டு வா" என்றார்.