சத்திரசிகிச்சைக்கு முன் சிறுவரின் பயமும் விளையாட்டும்



சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் உளநலம் பற்றிய பகுதியை வரைவிலக்கணங்களாக மட்டும் பாடமாக்கி வைத்திருப்போர், சந்தர்ப்பம் ஒன்றைத் தந்து வினவினால் தடுமாறுவர். ஆகவே இங்கு ஒரு சந்தர்ப்பத்தை எடுத்துக்கொண்டு, அதனூடாகவே பாடத்தைக் கற்போம்.

சந்தர்ப்பம்: மூதூரைச் சேர்ந்த நான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, குடலிறக்கத்திற்காகத் திருகோணமலை வைத்தியசாலையில் காலையில் சத்திரசிகிச்சை. தந்தை கடலுக்குப் போயுள்ளார். தாயின் மடியில் கைக்குழந்தை. எனவே தம்பியின் கட்டிலருகே நிற்பவள் அக்கா, அதாவது உங்கள் வயதுடைய ஒருத்தி. முகமூடி அணிந்தவர்கள் தள்ளுகட்டிலுடன் வருவதைக் கண்டதும் தம்பி அலறத் தொடங்குகின்றான். அக்கா என்ன செய்யலாம்?

"பயப்படாதே என்று ஆறுதல் கூற வேண்டும்" என்பதே பலர் எழுதும் விடை. இது போதாது. பயம் எதனால் வந்தது என்பதை அறியாமல் அதைக் குறைக்க முடியாது. நான்கு வயதுப் பிள்ளைக்கு நோய் என்றால் என்னவென்று விளங்குவதில்லை. தான் செய்த குழப்படிக்குத் தண்டனையாகவே இங்கு கொண்டுவந்து விட்டார்கள் என்றுகூட அது எண்ணும். அம்மாவைப் பிரிக்கப் போகிறார்கள் என்ற எண்ணம் அதைவிடப் பெரியது. இத்துடன் பசியும், புதிய மணமும், அறியாத முகங்களும் சேர்கின்றன. இந்நிலையே பதகளிப்பு எனப்படும். அப்போது அதிரினலின் ஓமோன் சுரந்து இதயத்துடிப்பும் சுவாசமும் விரைவடையும். அலறி உதறும் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுப்பதும் கடினம். இவ்வாறு மிகவும் பயந்த பிள்ளைகளிற் சிலர், வீடு திரும்பிய பின்னரும் கெட்ட கனவு காண்பர், படுக்கையை நனைப்பர், தாயைவிட்டு அசைய மறுப்பர்.

ஒரு காலத்தில் இதை எவரும் பெரிதாக எடுக்கவில்லை. பிரித்தானியாவில் ஜேம்ஸ் ரொபேட்சன் என்பவர் 1952 இல் வெளியிட்ட திரைப்படம் ஒன்று, குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்காக எட்டு நாட்கள் வைத்தியசாலையில் விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைக் காட்டியது. அவள் கத்திக் குழறவில்லை, அடக்கிக்கொண்டு வாடிப்போனாள். அமைதியாக இருக்கும் பிள்ளை பயப்படவில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. 1959 இல் அந்நாட்டின் பிளாட் அறிக்கை, பெற்றோர் தடையின்றிப் பிள்ளையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

பெற்றோர் அருகில் இருந்தால் மட்டும் போதுமா? அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் 4 முதல் 12 வயது வரையான 112 பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தனர். ஒரு குழுவுக்குப் பெற்றோர் மட்டும்; அடுத்த குழுவுக்குப் பெற்றோருடன் பதற்றம் தணிக்கும் மருந்து; மூன்றாவது குழுவுக்குப் பெற்றோருடன் கையடக்க வீடியோ விளையாட்டு. 2006 இல் முடிவு வெளியானது. மயக்க மருந்து முகமூடி வைக்கப்பட்டபோது, விளையாடிய குழுவில் 63 வீதமானோரின் பதகளிப்புக் கூடவில்லை, அல்லது குறைந்திருந்தது. மற்றைய இரு குழுக்களிலும் அவ்வாறிருந்தோர் 30 வீதத்திலும் குறைவு.

காரணம் எளிது. மனத்தின் கவனம் அளவுக்குட்பட்டது. ஒன்றில் ஊன்றியிருக்கும்போது மற்றதற்கு இடம் குறைவு. அதுமட்டுமன்று. வைத்தியசாலையில் எல்லாரும் பிள்ளைக்கு ஏதோ செய்கிறார்கள். விளையாட்டில் மட்டுமே பிள்ளை தானாக ஒன்றைச் செய்கிறது. என் கருத்தில் இரண்டாவது காரணமே பெரியது. இதனாலேயே கைத்தொலைபேசியில் படம் காட்டிவிட்டு அக்கா ஒதுங்கி இருப்பதிலும், தம்பியின் கைக்கு ஒரு வேலை கொடுப்பது மேல்.

அந்த வேலை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சவர்க்காரக் குமிழி ஊதலாம் (நிலத்தில் சிந்தாமல், வழுக்கும்). ஊதிப் பழகிய பிள்ளைக்கு, முகமூடியை வைத்து "இந்தப் பலூனை ஊது பார்ப்போம்" என்று வைத்தியர் கூறும்போது அதுவும் விளையாட்டாகிவிடும். பொம்மையை நோயாளியாக்கி, தம்பியை வைத்தியராக்கிக் கட்டுப்போடச் சொல்லலாம். பொம்மையும் இல்லையா? வரும்வழியில் துறைமுகத்தில் கண்ட கப்பல்களை விரல்விட்டு எண்ணலாம். பிரெட்றிக் கோட்டை மான்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைக்கச் சொல்லலாம். தள்ளுகட்டில் நகரும்போதும் தொடரக்கூடிய விளையாட்டு இது.

இங்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. அழுகையை நிறுத்த டொபியோ பிஸ்கட்டோ கொடுக்கவே கூடாது. மயக்கத்தின்போது இரைப்பையில் உள்ளது மேலெழுந்து சுவாசப்பைக்குள் செல்லக்கூடும், அது உயிராபத்தானது. பொதுவாகத் திண்ம உணவு ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னரே நிறுத்தப்படும். தண்ணீர் கொடுப்பதென்றாலும் தாதியைக் கேட்டே கொடுக்க வேண்டும். அவ்வாறே "ஊசி போடமாட்டார்கள், கடற்கரைக்குப் போகிறோம்" என்ற பொய்யும் வேண்டாம். "கொஞ்சம் நித்திரை கொள்ளப் போகிறாய், எழும்பும்போது அம்மா இருப்பார்" என்று, தாய் அங்கு இருப்பார் என்பது உறுதியாயின் கூறலாம்.

விளையாட்டுக்கும் எல்லை உண்டு. இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 40 பிள்ளைகளிடம் நடத்தி 2005 இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோருடன் கோமாளிகளும் கூடச் சென்ற பிள்ளைகளின் பயம் குறைந்தது. எனினும் தமது வேலைக்கு இடைஞ்சல் எனச் சத்திரசிகிச்சைக்கூட ஊழியர் பலர் அம்முறை தொடர்வதை விரும்பவில்லை. கோமாளியைக் கண்டே பயப்படும் பிள்ளைகளும் உளர். தாதியோ வைத்தியரோ பேசும்போது அக்கா விளையாட்டை நிறுத்திவிட வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கோ எந்த விளையாட்டையும்விடத் தாயின் அணைப்பே உதவும்.

பயிற்சி வினாக்கள்

1. மேற்படி சிறுவனின் பதகளிப்புக்கான காரணங்கள் மூன்றினைத் தருக.
2. படம் பார்ப்பதற்கும் விளையாடுவதற்கும் இடையிலான வேறுபாட்டை இச்சந்தர்ப்பத்துடன் தொடர்புபடுத்தி விளக்குக.
3. அழும் தம்பிக்குப் பக்கத்துக் கட்டில் பாட்டி அன்புடன் ஒரு வாழைப்பழத்தை நீட்டுகிறார். பாட்டியின் மனம் நோகாதவாறு அக்கா கூறக்கூடிய பதிலை இரண்டு வசனங்களில் எழுதுக.