பழந்துணி

பிரயாணம் முடிந்து திரும்பிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவப்படமிட்ட திரையொன்றைத் தொங்கவிட்டிருக்கக் கண்டு முகம் மாறினார்கள். திரை போயிற்று, துணி வீணாகவில்லை. அதில் ஒன்றிரண்டு தலையணைகள் செய்துகொண்டதாக அன்னையவர்களே அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு.

விசைத்தறி ஓடும் சங்கரன்கோவிலில் துணிக்குப் பஞ்சமில்லை. அதனால்தானோ என்னவோ, பெருநாள் நெருங்கினால் கிழிந்த கைலியையும் நைந்த சேலையையும் மூட்டை கட்டி ஸதக்கா என்று கொடுத்துவிடுகிறோம்! நமக்கே கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்னும்படியான மட்டப்பொருளைத் தர்மத்துக்குத் தேடக்கூடாதென்று அல்பகரா அத்தியாயம் 267-ஆம் வசனம் தடுக்கிறது. உடுக்கத் தகுந்ததைத் துவைத்து, பித்தான் தைத்துக் கொடுங்கள். கிழிசல் நம் வீட்டுக்கு.

நூல் சேலை நையநைய மெதுவாகும். தண்ணீரையும் நன்றாக உறிஞ்சும். நாலாக மடித்து ஓரம் தைத்தால் சட்டி இறக்கும் கரித்துணி. ஒளுச் செய்யுமிடத்துக்குக் கால்மிதி. பாலியஸ்டர் அடுப்படிக்கு ஆகாது, சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். அதில் கடைப்பை தைக்கலாம்.

முஸல்லாவும் தைக்கலாம். பிள்ளை நனைத்த துணியானால் ஹனஃபிகள் மும்முறை கழுவி, ஒவ்வொரு முறையும் பிழிய வேண்டும். ஷாஃபிகளுக்கு நஜீஸ் நீங்க ஒருமுறை தண்ணீர் ஓடினால் போதும். பல மடிப்பாகத் தைத்தபின் பிழிவது கஷ்டம், வெட்டுமுன்பே கழுவிவிடுங்கள்.