சிறுவலையும் பெருவலையும்

மனிதனைச் சுற்றிச் சில மீட்டர் தொலைவிற்குள் கருவிகள் கம்பியின்றித் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் அமைப்பைத் தனியாள் வலையமைப்பு என்பர். கைப்பேசியையும் செவிப்பொறியையும் இணைக்கும் புளூடூத் இதற்கு நாம் நன்கறிந்த சான்று. இத்தகைய சிறுவலை, உலகளாவிய இணையம் என்னும் பெருவலையோடு எங்ஙனம் இணைகின்றது? இணையும்போது நாம் காக்க வேண்டுவது யாது? இவ்விரு வினாக்களையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

முதல் இடர்ப்பாடு அளவைப் பற்றியது. சிறு மின்கலத்தைக் கொண்டு நெடுங்காலம் இயங்க வேண்டிய கருவிகளுக்கென 2003இல் ஐ.இ.இ.இ. 802.15.4 என்னும் தரம் வகுக்கப்பட்டது. அதில் ஒருமுறை அனுப்பும் செய்திச் சட்டகம் 127 பைட்டுகளுக்கு மேற்படலாகாது. இணைய நெறிமுறையின் ஆறாம் பதிப்போ 1280 பைட்டுகள் கொண்ட சிப்பத்தையும் சுமக்கவல்ல வழியை வேண்டுகின்றது. அந்த 127 பைட்டுகளிலும், சிறுவலையின் சொந்தக் குறிப்புகள் 25 வரை கொள்ளும். பாதுகாப்பிற்கு 21 வரை தேவைப்படும். எஞ்சிய 81இல் இணைய முகவரி அடங்கிய தலைப்பே 40 பைட்டுகளை எடுத்துக்கொள்ளின், ஏறத்தாழப் பாதி முகவரிக்கே போய்விடுகின்றது.

இதற்கு 2007இல் தீர்வு வெளியாயிற்று. சிக்ஸ்லோபான் எனப்படும் இம்முறை, பெரிய சிப்பத்தைத் துண்டுகளாக்கி அனுப்பி, மறுமுனையில் ஒன்றுசேர்க்கின்றது. இருமுனைகளும் முன்னரே அறிந்தவற்றைத் தலைப்பிலிருந்து நீக்கிச் சுருக்குகின்றது. 2011இல் திருத்தப்பட்ட முறையில், 40 பைட்டுத் தலைப்பு ஏற்ற சூழலில் 2 பைட்டுகளாகச் சுருங்கும். இரு வலைகளுக்கும் இடையே நிற்கும் எல்லைக் கருவி, சுருங்கிய முகவரியை விரித்து இணையத்திற்கு அனுப்புகின்றது. குறைந்த ஆற்றல் புளூடூத்திற்கும் 2015இல் இவ்வழி வகுக்கப்பட்டது.

ஆயின், வாயில் திறந்தால் நண்பரோடு பகைவரும் நுழையக்கூடும் அன்றோ? வேறுவகைக் கம்பியில்லாத் தொடர்பைக் கொண்ட இதயமுடுக்கிகள் இதனை உணர்த்தின. நெஞ்சினுள் பொருத்திய முடுக்கியின் செய்தியை இல்லத்திலுள்ள பெட்டி பெற்று, இணையவழி மருத்துவர்க்கு அனுப்பும். அத்தகைய பெட்டி ஒன்றின் குறைபாட்டால் அயலார் முடுக்கிக்கே கட்டளையிட இயலும் என அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2017 சனவரியில் எச்சரித்தது. அவ்வாண்டு ஆகத்து மாதத்தில், அந்நாட்டில் ஏறத்தாழ 4,65,000 முடுக்கிகளின் உள்நிரலைப் புதுப்பிக்கும் ஏற்பாடும் அறிவிக்கப்பட்டது. எவர்க்கும் தீங்கு நேர்ந்ததாக அப்போது செய்தி இல்லை என்பது ஆறுதலே.

இதனால் நாம் தெளிவது ஒன்றுண்டு. முகவரியைச் சுருக்கலாம், செய்தியைத் துண்டாக்கலாம், பாதுகாப்பிற்குரிய 21 பைட்டுகளை மட்டும் வீண்செலவென எண்ணிக் கைவிடலாகாது. இல்லத்திற்கு வரும் ஒவ்வொரு கருவியையும், அதன் தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றி, நிரலைக் காலந்தோறும் புதுப்பித்துப் பயன்படுத்துவோமாக. சிறுவலையைப் பெருவலையோடு இணைக்கும் அறிவு வளர்வதுபோல், அதன் வாயிலைக் காக்கும் விழிப்பும் நம் மாணவரிடையே வளர்தல் வேண்டும்.