லீவு எடுக்கப்போகும் நூலகருக்கு

“வேலைக்குப் போகாமலும் சம்பளமோ பிள்ளை? எங்களுக்கும் ஒரு போகத்துக்கு இப்பிடித் தந்தால் நல்லாயிருக்கும்!”

துணுக்காயில் பக்கத்து வளவுப் பெரியப்பா இப்படிக் கேட்டபோது அதில் கேலியும் இருந்தது, நியாயமும் இருந்தது. கம்பஸ் லைப்ரரிகளில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் இளையவர்கள் சிலரும் அண்மையில் இதே லீவைப் பற்றிக் கேட்டார்கள். படிவம் எங்கே எடுப்பது, எந்தக் குழுவுக்குப் போகும், பேரவை எப்போது கூடும் என்பதோடு அவர்களது கேள்விகள் முடிந்துவிட்டன. அதையெல்லாம் நிர்வாகக் கிளையில் கேட்டால் சொல்வார்கள். மற்றதை நான் எழுதுகிறேன்.

எங்கள் பல்கலைக்கழகங்களில் இந்த லீவு மூன்று விதமாக வரும். ஏழாண்டு சேவைக்குப் பிறகு கிடைக்கும் ஓராண்டுச் சபற்றிக்கல் ஒன்று. முதுமாணி, கலாநிதிப் பட்டங்களுக்கான கற்கை லீவு இன்னொன்று. பயிற்சிப் பட்டறைக்கோ மாநாட்டுக்கோ போய்வரத் தரும் கடமை லீவு மூன்றாவது. முதலிரண்டும் விரிவுரையாளருக்குப் போலப் பதவிநிலை நூலகர்களுக்கும் உண்டு. கடமை லீவை எங்கள் ஆட்கள் பெரிதாக மதிப்பதில்லை. வன்னியிலுள்ள சிறிய லைப்ரரிகளுக்கு அதுதான் கூடப் பயன் தருகிறது என்பது என் எண்ணம். ஓராண்டு ஆளில்லாமல் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு எங்களிடம் ஆளணி இல்லை.

எதற்காகப் போகிறோம் என்று கேட்டால் பலரும் ஒரு நாட்டின் பெயரைச் சொல்கிறார்கள். நான் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனை நினைத்துக்கொள்வேன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். கொஞ்ச நாளிலேயே நூலக வேலையின் தனிமை தாங்காமல், திரும்பவும் படிப்பிக்கப் போகிறேன் என்று நின்றார். முதலில் லண்டன் போய் நூலகவியல் படித்து வா, வந்த பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அவரை இணங்கவைத்து அனுப்பினார்கள். லண்டன் யுனிவர்சிட்டி கொலிஜில் சேயர்ஸிடம் படித்தார். சேயர்ஸ் குறொய்டன் பொது நூலகத்தின் தலைவர். வகுப்பில் சொன்னதை நூலகத்தில் செய்துகாட்டக்கூடியவர். வகுப்போடு நிற்காமல் இங்கிலாந்தின் நூலகங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார் ரங்கநாதன். கணிதக்காரர் ஆகையால், புத்தகங்களைப் பகுக்கும் முறைகளில் இருந்த பலவீனம் அவருக்கு உறுத்தியது. ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தபோதுதான், சில துண்டுகளை வேறுவேறு விதமாகப் பூட்டி எந்த உருவத்தையும் செய்வதுபோல ஒரு புத்தகத்தின் பொருளையும் கூறுகளைச் சேர்த்துக் குறிக்கலாம் என்று தோன்றியதாம். 1925இல் திரும்பினார். 1931இல் ஐந்து விதிகள், 1933இல் கோலன் பகுப்புமுறை. பல்கலைக்கழகம் ஓராண்டுகூட இல்லாத பயணத்துக்குச் செலவழித்தது. பலன் உலகத்துக்கே போனது.

பிறகு அவர் இருபது ஆண்டளவு லீவே எடுக்காமல் வேலைசெய்தார் என்கிறார்கள். அதைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, லீவு கேட்குமுன் உங்கள் சொந்த இறாக்கையில் உறுத்துகிற ஒன்றைக் கண்டுபிடியுங்கள் என்பதே. எனக்கு உறுத்தியது டூயி பகுப்புமுறையின் 954.93. இலங்கை வரலாறு என்று வருவதெல்லாம் அந்த எண்ணில் போய்க் குவியும். அநுராதபுரம் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகமும் அங்கேதான், வன்னிக் கிராமமொன்றின் கோயில் கும்பாபிஷேக மலரும் அங்கேதான். மலரைத் தேடி வரும் மாணவருக்கு அது கிடைக்காது. அதைவிட மோசம், அப்படியான பல மலர்கள் எங்களிடம் இல்லவே இல்லை. ஆகவே என் விண்ணப்பத்தில் வெளிநாட்டு அனுபவம், சர்வதேசத் தொடர்பு போன்ற சொற்களை விட்டுவிட்டு, ஊர் மட்டத்துச் சிறு வெளியீடுகளைச் சேர்த்து, பாதுகாத்து, தேடக்கூடியதாகப் பட்டியலிடப் பழகப் போகிறேன் என்று மட்டும் எழுதினேன். குழுவில் இருந்தவர்களுக்கு அது உடனே விளங்கியது. உங்கள் நோக்கத்தை ஊரிலுள்ளவருக்கு விளங்கும் ஒரு வசனத்தில் எழுத முடியாவிட்டால், விண்ணப்பத்தைக் கொஞ்சநாள் மேசையிலேயே வைத்திருங்கள்.

போகும் இடத்தைப் பிறகு தேடலாம். எனக்குச் சென்னை பொருந்தியது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனிமனிதராகச் சேர்த்த நூல்கள், இதழ்கள், நோட்டீசுகளிலிருந்து 1994இல் உருவான ஆராய்ச்சி நூலகம் தரமணியில் இருக்கிறது. எங்கள் பிரச்சினையை ஒத்த பிரச்சினைக்கு அங்கே பழகிய கைகள் உண்டு. பலாலியிலிருந்து சென்னைக்கு 2022 டிசம்பரில் விமானம் திரும்பவும் ஓடத் தொடங்கிய பிறகு கட்டுநாயக்கா வரை இரவு பஸ்ஸில் இழுபடவும் தேவையில்லை. மேற்கு நாடுகளுக்குப் போகிறவர்களை நான் மறிக்கவில்லை. ஆனால் எங்கள் சம்பளம் ரூபாவில் வருகிறது. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது, சம்பள லீவில் வெளியே நின்றவர்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். அதே ஆண்டில் அரசாங்க ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாமல் வெளிநாடு போகலாம் என்று 14/2022 சுற்றறிக்கை வந்தது. சம்பளத்தோடு போகும் லீவையும் நாட்டைவிட்டுப் போகும் வழி என்ற கண்ணோடு பார்ப்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். திரும்பி வருவீர்களா என்ற கேள்வி கேட்கப்படாமலே அறையில் இருக்கும். நீங்களாகவே அதற்குப் பதில் சொல்லிவிடுவது நல்லது.

லீவின் மிச்சப் பகுதியை நான் துணுக்காயிலும் மல்லாவியிலும் செலவழித்தேன். சென்னையில் பழகியது இங்கே வேறு விதமாகத்தான் பயன்பட்டது. 2008 நடுப்பகுதியில் போரால் இடம்பெயர்ந்து 2009 கடைசியிலிருந்து திரும்பி வந்த ஊர் இது. காணி உறுதி, பிறப்பு அத்தாட்சி, சோதனைச் சான்றிதழ் இவற்றைத்தான் சனம் பொலித்தீன் பையில் சுற்றிக் காவியது. பள்ளிக்கூட மலரையும் சங்கத்து ஆண்டறிக்கையையும் யார் காவினார்கள்? அதனால் துணுக்காய் பற்றிய அச்சுக் கடதாசி துணுக்காயைவிட ரொறன்ரோவிலும் பாரிஸிலும் கூடக் கிடைக்கிறது. இங்கேயுள்ள ஒருவரிடம் கேட்டால், அவர் வட்ஸ்அப்பில் அங்கேயுள்ள மச்சானிடம் கேட்பார்.

வீடு வீடாகப் போய் இப்படியான கடதாசிகளைத் தேடும் வேலைக்குப் பெரும்போக அறுவடை முடிந்த பங்குனி, சித்திரை நல்லது. விதைப்பு நேரத்தில் போனால் கதவு திறப்பார்கள், தேத்தண்ணியும் தருவார்கள், ஆனால் கதைக்க மாட்டார்கள். எந்தக் கடதாசியையும் வீட்டைவிட்டு எடுத்துவர வேண்டாம். லைப்ரரிக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாகத் தருகிறேன் என்ற வாக்கை, எல்லாவற்றையும் ஒருமுறை இழந்தவர்களிடம் சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பாயை விரித்து அங்கேயே படமெடுங்கள். பிரதியை அன்றைக்கே அவர்கள் போனில் ஏற்றிவிடுங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் என்பதை உடனே எழுதுங்கள். அதைச் சொல்லக்கூடிய ஆச்சிமார் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். பட்டியலிடும்போது இன்னொன்று: இந்த ஊர்கள் இருக்கும் முல்லைத்தீவு மாவட்டமே 1978இல்தான் உருவானது. அதற்கு முந்திய கடதாசியில் வேறு மாவட்டத்தின் பெயர் இருக்கும். இரண்டையும் பதியாவிட்டால் தேடுகிறவருக்குப் பாதி அகப்படாது. 2005இலிருந்து நூலகம் நிறுவனம் ஈழத்து எழுத்துகளை இணையத்தில் சேர்த்து வருகிறது; அங்கே ஏற்கெனவே இருப்பதைத் திரும்பவும் ஸ்கான் பண்ணி நாளை வீணாக்காமல், முதலில் அதைத் தேடிப் பாருங்கள்.

இனி, யாரும் கேட்காத விடயம். நீங்கள் இல்லாதபோது உங்கள் கதிரையில் இருப்பது யார்? பதில் கடமைக்கு ஒருவரின் பெயரைப் படிவத்தில் எழுதிவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைக்கிறோம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2014இலிருந்து பீடங்கள் வளர்ந்திருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகியது. மாணவர் கூடிய வேகத்தில் நூலக ஆளணி கூடவில்லை. ஒருவர் போனால் மற்றவர் இரண்டு பேரின் வேலையைச் செய்கிறார், ஒருவரின் சம்பளத்துக்கு. ஆகவே பரீட்சைக் காலத்தையும் வருடாந்த இருப்புக் கணக்கெடுப்பையும் தவிர்த்து நாளைத் தெரியுங்கள். கோஹா நூலக மென்பொருளில் தண்டப்பணத்தை எப்படித் தள்ளுபடி செய்வது, எந்த வழங்குநரின் பில் தொங்கி நிற்கிறது, சேர்வர் நின்றால் யாருக்குப் போன் எடுப்பது என்று கையால் எழுதி வையுங்கள். போவதற்கு முன் சில நாள் அவரைக் கதிரையில் இருத்தி, நீங்கள் பக்கத்தில் சும்மா இருங்கள். அடுத்த முறை அவர் லீவு கேட்கும்போது பதில் கடமைக்கு முதலாவதாகக் கையொப்பமிடுவது நீங்களாக இருக்க வேண்டும். இதை அவருக்கு முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள்.

நீண்ட லீவென்றால் ஒப்பந்தமும் பிணையாளிகளும் உண்டு. திரும்பிவந்து குறித்த காலம் சேவைசெய்யாவிட்டால் பணம் கட்ட வேண்டும். நீங்கள் கட்டாவிட்டால் பிணையாளியிடம் கேட்பார்கள். சொந்தக்காரரிடம் கையொப்பம் வாங்கப் போகும்போது அந்தத் தொகையை வாய்விட்டுச் சொல்லுங்கள். “சும்மா ஒரு சைன்தான் அண்ணை” என்று வாங்கிய கையொப்பங்கள் குடும்பங்களைப் பிரித்ததைப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்ததும் அறிக்கை கேட்பார்கள். அது கோப்பில் போய்ப் படுக்கும். நான் அதோடு ஒரு நாள் பட்டறையும் வைத்தேன், பிரதேச சபை வாசிகசாலைக்காரரையும் பாடசாலை நூலகப் பொறுப்பாசிரியர்களையும் கூப்பிட்டு. இந்தப் பக்கத்தில் சிறுவர்கள் முதலில் புத்தகம் தொடுவது அவர்களிடம்தான். எங்களுக்குக் கிடைக்கும் லீவு அவர்களுக்குக் கிடைப்பதில்லை. அப்படிக் கூப்பிடுவதென்றால் அழைப்புக் கடிதத்தை அவர்களுக்கு அனுப்பாமல் சபைச் செயலாளருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் நேரே அனுப்புங்கள். கடமை லீவில் விடுவிக்குமாறு அதில் தெளிவாகக் கேளுங்கள். கடிதம் இரண்டு கிழமைக்கு முன்னமே போய்ச்சேர வேண்டும். பிந்தினால், வருகிற பிள்ளை தன் அமைய லீவில் ஒரு நாளை வெட்டிக்கொண்டுதான் வருவாள்.