பள்ளத்தின் நடுவில் அடிக்காதே

அன்புத் தம்பிக்கு,

டிங்கரிங் பழகப் பட்டறையில் சேர்ந்திருக்கிறாய் என்று கேட்டதில் மிகவும் சந்தோஷம். அப்பளமாக நொறுங்கி வரும் வண்டிகளைவிட, மட்கார்டில் விழும் உள்ளங்கை அகல ஒடுக்குதான் உன் கையைப் பழக்கும். அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

1950களிலிருந்து திருவொற்றியூரில் செய்துவந்த புல்லட்டின் முன் மட்கார்டை எடுத்துக்கொள். கனமான இரும்புத் தகடு. சக்கரத்தோடு ஓடும் வளைவு ஒன்று, குறுக்கே இன்னொன்று. அது ஒடுங்கி வந்தால், புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் அடியிலிருந்து ஆழமான இடத்தைப் பார்த்து ஓங்கிப் போடுகிறார்கள். பள்ளம் மேலே வந்துவிடும், ஆனால் அடி வாங்கிய தகடு மெலிந்து விரிந்திருக்கும். பிறகு கட்டைவிரலால் அழுத்தினால் டப்பென்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். சூடு வைத்துச் சுருக்கித்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். உனக்கு இப்போது அந்த வேலை வேண்டாம்.

ஒடுக்கில் உண்மையாகக் கெட்டது கொஞ்ச இடம்தான்: ஓரத்து மடிப்பும் அதை ஒட்டி எழும்பிய மேடும். மீதித் தகடு, அந்த மடிப்பு பிடித்திருப்பதால் மட்டுமே உள்ளே நிற்கிறது. எனவே மட்கார்டைக் கழற்றி, அடியில் ஒட்டிய சேற்றைச் சுத்தமாகக் கழுவு. டோலியை, அதாவது கையில் பிடிக்கும் இரும்புக் கட்டையை, பள்ளத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்து அழுத்திப் பிடி. மேலே, சுற்றியிருக்கும் மேட்டைச் சுத்தியலால் தட்டு. வெளியோரத்தில் தொடங்கி உள்ளே வா. கடைசியில் மடங்கியது முதலில் நிமிர வேண்டும். கணீரென்று கேட்டால் டோலியின் மேலேயே அடிக்கிறாய், தகடு விரிகிறது என்று அர்த்தம். மொத்தையான சத்தம் வந்தால் சரியாகப் போகிறாய். மட்கார்டின் உள்வளைவைவிடச் சற்றே கூடுதலாக வளைந்த டோலியாக எடு. தட்டை டோலியின் விளிம்பு புதுக் கோடு போட்டுவிடும்.

கண்ணை மட்டும் நம்பாதே. மெல்லிய துணியை விரித்து, அதன்மேல் உள்ளங்கையை அழுத்தாமல் நீளவாக்கில் ஓட்டு. பெயின்ட் போன இடத்தில் அரத்தை லேசாக இழுத்தால் மேடு பளபளக்கும், பள்ளம் மங்கலாகவே நிற்கும். அதன்பின் எங்கே தட்ட வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பட்டி வைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். வெறும் இரும்பில், 2 மில்லிமீட்டருக்குள் வைத்துத் தேய்த்தால் நன்றாகவே நிற்கும். பள்ளத்தை அப்படியே விட்டுப் பட்டியால் நிரப்புகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வில் கனமான பட்டி வெடிக்கும். வெடிப்பில் தண்ணீர் இறங்கும், உள்ளே துரு வேலையைத் தொடங்கும். குரோம் மட்கார்டில் பட்டிக்கே இடமில்லை. தகட்டையே நேராக்கி, திரும்ப முலாம் போட அனுப்ப வேண்டும். அதையும் செய்யத் தெரிந்தவனைத்தான் நான் டிங்கர் என்பேன்.

பூட்டும் முன் அடிப்பக்கத்துக்கும் பிரைமரும் பெயின்ட்டும் அடித்துவிடு. டோலி உரசி உரிந்த இடத்தில்தான் சக்கரம் சேற்றை வாரி அடிக்கும். ஸ்டே போல்ட்டுகளை முறுக்கியதும் சக்கரத்தைக் கையால் சுற்றி, டயர் எங்கும் தொடவில்லை என்று பார்த்துவிட்டு வண்டியை வெளியே விடு.

அன்புடன்,
உன் அண்ணன்