திரைக்குப் பின்னால் ஏழாம் எண்

கல்வி உரிமைச் சட்டம் 2009 சொல்லும் கணக்கு எளிது: தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் நிறைய உண்டு. ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொள்வார். தலைமை ஆசிரியர் நான்கையும் ஐந்தையும் பார்த்தபடியே பதிவேடுகளையும் எழுதிக்கொண்டிருப்பார். யாராவது ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் ஐந்தும் மிச்சமிருப்பவர் தலையில்.

ஆசிரியை ஒரு குழுவோடு பாயில் உட்கார்ந்தால், மற்றக் குழுக்கள் தாமாக ஓட வேண்டும். ஓடாவிட்டால் ஐந்தாவது நிமிடம் ரப்பர் சண்டை, பத்தாவது நிமிடம் அழுகை. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையை ஒட்டிய பள்ளியொன்றில் வேலை பார்க்கும் இடைநிலை ஆசிரியை ஒருவர், பயிற்சியில் சொல்லித்தரும் எந்தச் செயல்பாட்டையும் ஒரே கேள்வியால்தான் எடைபோடுகிறார்: நான் முதுகைத் திருப்பினால் இது நடக்குமா? நடக்கும் என்றால் எடுத்துக்கொள்வார். எவ்வளவு அழகான வண்ணத்தாள் வேலையாக இருந்தாலும், பக்கத்திலேயே நின்று ஒட்டிக்கொடுக்க வேண்டும் என்றால் விட்டுவிடுவார்.

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாடு ஒருமுறை பெரிய அளவில் விடை தேடியது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில், பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் படிக்கும் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையைப் பார்த்துவிட்டு வந்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் அதைத் தொடங்கினார்கள். அன்றைய ஆணையர் எம். பி. விஜயகுமார் அதற்கு உந்துசக்தி. செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் 2007-08-இல் அது மாநிலம் முழுக்கப் பரவியது. சுவரில் கற்றல் ஏணி, தட்டுகளில் அட்டைகள், ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சின்னம், பிள்ளை எட்டும் உயரத்தில் கீழ்நிலைக் கரும்பலகை, தலைக்கு மேலே அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். தன் அட்டை எது, எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்பதை ஆறு வயதுக் குழந்தையே பார்த்துக் கண்டுபிடித்தது.

அட்டைகள் பிறகு கிழிந்தன, தொலைந்தன. பாடநூல் மாறியது, முப்பருவ முறை வந்தது. 2022 ஜூன் மாதம் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. பல பள்ளிகளில் கம்பிப் பந்தலில் இப்போது தொங்குவது சுதந்திர தின வண்ணக் காகிதங்கள்தாம். ஆனால் அந்தக் கீழ்நிலைக் கரும்பலகை இருக்கிறதே, அதற்கு ஈடாக இன்னொன்று வரவில்லை. நோட்டில் எழுதத் தயங்கும் பிள்ளைகூடச் சுவரில் எழுதும், அழிக்கும், திரும்ப எழுதும். வெள்ளையடிக்க வருபவர்கள் அதன்மேல் பூசிவிடாமல் காவல் இருப்பது ஆசிரியையின் பொறுப்பு.

ஜூன் மாதத்தில் அவர் பாடத்துக்கு அவசரப்படுவதில்லை. டப்பாவை எடுப்பது, பாயை விரிப்பது, வேலை முடிந்ததும் எண்ணி உள்ளே போடுவது, எடுத்த இடத்தில் வைப்பது: இதையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறார். டப்பா மூடியில் உள்ளே இருப்பதன் படமும் எண்ணிக்கையும் ஒட்டியிருக்கும். இருபது குச்சி எடுத்தவன் இருபதையும் எண்ணித்தான் மூட வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அதுவே தினசரிக் கணக்கு. பார்வைக்கு வருகிறவர்கள் ‘ஜூலை வந்தாயிற்று, இன்னும் பாடம் தொடங்கவில்லையா?’ என்று கேட்பதுண்டு. ஆகஸ்டில் அந்த வகுப்பு ஓடும் விதத்தைப் பார்த்தால் கேட்கமாட்டார்கள்.

செலவில்லாத கற்றல் பொருள் இந்த வட்டாரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்குத்தான் டி.எம்.வி. என்று பெயர், திண்டிவனத்தின் சுருக்கம் அது. அறுவடைக் காலத்தில் பிள்ளைகளே பை நிறையக் கொண்டுவருவார்கள். இருவருக்குப் பத்துக் காய். உடைப்பதற்கு முன்னால், மொத்தம் எத்தனை பருப்பு இருக்கும் என்று பலகையில் எழுதிவைக்க வேண்டும். பிறகு உடைத்து, ஒரு பருப்புக் காய், இரண்டு பருப்புக் காய், மூன்று பருப்புக் காய் என்று தோலை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பு எண்ணிப் பார்க்கும். இரண்டாம் வகுப்பு இரண்டு இரண்டாகக் கூட்டும். மூன்றாம் வகுப்பு, காய்க்கு ஒரு கட்டம் என்று கரும்பலகையில் அடுக்கி வரையும். பொருள் ஒன்று, வேலை மூன்று. ஆசிரியை நான்காம் வகுப்புப் பக்கம் போய்விட்டு வரலாம். “டீச்சர், எங்களுக்கு மூணு பருப்புக் காயே வரல, மாத்திக் குடுங்க” என்று ஒரு சோடி சண்டைக்கு வரும். மாற்றிக் கொடுக்கக் கூடாது. பக்கத்துச் சோடியோடு சேர்த்து இருபது காய்க்குக் கணக்குப் போடச் சொல்ல வேண்டும்.

ஒரே நிபந்தனை, எழுதிய பிறகுதான் தின்னலாம். கழித்தல் பாடம் அங்கே தானாக வந்துவிடும். காய்ந்த காயாக இருப்பது நல்லது. அவித்த காய் என்றால் எண்ணுவதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

பேச்சுதான் கடினம். வீட்டில் ஓயாமல் பேசுகிற பிள்ளை, வகுப்பில் எழுப்பி நிறுத்தினால் காலால் தரையைத் தேய்க்கும். இந்தப் பக்கத்து ஊர்களில் பாரதக் கூத்து பார்க்காத குழந்தை குறைவு. கூத்தில் வேஷம் நேராக வந்து நிற்காது. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நிற்கும். கட்டியங்காரன் கேள்வி கேட்பான், கிண்டலும் அடிப்பான். யார், எந்த நாடு, என்ன பெருமை என்று வேஷம் பதில் சொன்ன பிறகுதான் திரை விலகும். ஆசிரியை அதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவந்தார். பழைய வேட்டி ஒன்று திரை. பின்னால் நிற்பது ராஜா இல்லை, ஓர் எண்.

“யாரப்பா அது திரைக்குள்ள?”
“நான் பத்துக்கு மூணு குறைச்சல்!”
“ஒனக்குத் தம்பி உண்டா?”
“ஆறு!”
“வாரத்துல ஒனக்கு என்ன வேல?”
“வாரமே நான்தான்!”

கீழே உட்கார்ந்திருப்பவர்கள் கரும்பலகையில் விடையை எழுதிக்கொண்டே வருவார்கள். திரை விலகும்போது, எண் அட்டையைத் தலையில் கிரீடமாகக் கட்டிய பையன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நிற்பான். தமிழ் வகுப்பில் திரைக்குப் பின்னால் ‘மா’, ‘பூ’, ‘தீ’ வரும். பிறகு பாடத்தில் வரும் காகமும் நரியும் வரும். முகம் தெரியாது என்பதால் கூச்சமுள்ள பிள்ளைக்கும் குரல் வரும். கட்டியங்காரன் வேஷத்தை எப்போதும் வாயாடிக்கே கொடுத்துவிடக் கூடாது. பேச்சு முழுக்க அங்கேயே தங்கிவிடும். கேள்வி கேட்கத் தெரியாத பிள்ளைக்கு, முதல் தடவை மூன்று கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். எண்ணும் எழுத்தும் வகுப்பில் பொம்மலாட்டக் களம், கதைக்களம் என்று இடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். கூத்துத் திரையை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

மழையும் பாடம்தான். செயல்வழிக் கற்றல் காலத்திலேயே வகுப்பறைச் சுவரில் காலநிலை அட்டவணை இருந்தது: வெயில், மேகம், மழை என்று பிள்ளைகள் நாளுக்கு ஒரு படம் மாட்டுவார்கள். ஆனால் ‘மழை’ என்றால் எவ்வளவு? 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலில் இதே மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் பெய்தது. பள்ளி திறந்த பிறகு ஆசிரியை அந்த எண்ணைச் சொல்லவில்லை, சுவரில் அளக்கச் சொன்னார். பெட்டியில் இருப்பது 15 சென்டிமீட்டர் ஸ்கேல். மூன்று முறை வைத்துக் கோடு போட்டு, இன்னும் ஐந்து. கோட்டின் பக்கத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை நிறுத்தினால் தொடை வரை வந்தது. ‘இவ்ளோ தண்ணி வானத்துல எங்க இருந்துச்சு?’ என்று ஒருத்தி கேட்டாள். அதற்குப் பாடநூலில் ஐந்தாம் வகுப்புவரை தேட வேண்டியிருந்தது. நேர்க்குத்தான ஒரு பாட்டிலின் கழுத்தை அறுத்து, ஸ்கேலை ஒட்டி, கூரைநீர் விழாத வெட்டவெளியில் வைத்தால் மழைமானி தயார். அடுத்த மழைக்கு அளவெடுக்கும் முறை யாருடையது என்பதில் மட்டும் தீராத தகராறு.

இனி, பேசத் தயங்கும் விஷயம் ஒன்று. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையைப் பிரிக்கிறார்கள். பெயர் மென்மையானதுதான். ஆனால் தான் அரும்பு என்பதும், பக்கத்து வீட்டுத் தங்கை மலர் என்பதும் மூன்றாம் வகுப்புப் பையனுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். அதனால் அந்த வகுப்பில் நிலைவாரிக் குழு வாசிப்புக்கும் கணக்குக்கும் மட்டும். பாட்டு, கூத்து, மல்லாட்டை, மழை எல்லாம் கலந்த சோடிதான். தமிழில் அரும்பாக இருப்பவன் கணக்கில் மலராக இருக்கலாம். அது நடக்கும்போது வகுப்புக்குத் தெரிகிற மாதிரி அவனை நகர்த்தி உட்காரவைக்கிறார்.

வாசிப்பைக் காதால்தான் சோதிக்க முடியும். கோரஸாகப் படித்தால் எல்லோரும் படிப்பதுபோலவே கேட்கும். கொரோனா முடக்கத்துக்குப் பிறகு, 2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வகுப்புகள் திரும்பத் திறந்தபோது, பள்ளியின் உள்பக்கத்தையே பார்க்காத பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குச் சில நாள் முன்னால், அக்டோபர் 27 அன்று, இதே மாவட்டத்தின் மரக்காணம் ஒன்றியம் முதலியார்குப்பத்தில்தான் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. மாலை நேரத்தில் உள்ளூர்ப் பெண்கள் திண்ணையிலும் கோயில் வாசலிலும் இருபது பிள்ளைகள் அளவில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். தனித்தனியாகப் படிக்கவைத்துக் கேட்பதற்கு ஆள் கிடைத்தது அதன் பெரிய லாபம். அதைப் பார்த்த ஆசிரியை, பள்ளிக்குள்ளும் ஒரு வழக்கம் வைத்தார்: காலைச் சிற்றுண்டி முடிந்து வழிபாட்டு மணி அடிப்பதற்குள் நான்கு பிள்ளைகள், ஆளுக்கு ஒரு நிமிடம், காதருகே வந்து படிக்க வேண்டும். தடுக்கிய சொல்லை மட்டும் அவர் குறித்துக்கொள்வார்.

எந்த முறைக்கும் பிடிகொடுக்காத சிக்கல், பாதியில் காணாமல் போகும் பிள்ளைகள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பம் போகும்போது குழந்தையும் போகிறது. இருளர் குடியிருப்புகளில் இது அதிகம். இருளர்களின் உரிமைக்காக நெடுங்காலம் உழைத்துவரும் பேராசிரியர் பிரபா கல்விமணி திண்டிவனத்தில் தாய்த்தமிழ்ப் பள்ளியை நடத்துவதற்கு இந்தப் பின்னணியும் உண்டு. சூளை இருக்கும் ஊரில் மாற்றுச் சான்றிதழ் இல்லாமலே குழந்தையைச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. பெற்றோருக்கு அது தெரிவதில்லை. ஆசிரியை அதைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தனுப்புகிறார். கூடவே ஒரு துணிப்பை: பத்துச் சொல்லட்டை, எண் அட்டைகள், ஒரு பென்சில், குழந்தை எந்த நிலைவரை வந்திருக்கிறது என்று எழுதிய சீட்டு, ஆசிரியையின் கைபேசி எண். அந்த ஊர்ப் பள்ளியிலிருந்து சில சமயம் அழைப்பு வரும். சில சமயம் குழந்தையோடு பையும் அட்டை குறைந்து திரும்பிவரும். குறைந்த அட்டைகளை முதலில் எழுதவைத்துவிட்டு, சீட்டில் இருக்கும் நிலைக்கு அடுத்ததிலிருந்து தொடங்குகிறார்.